பருவுக்கு இரண்டு குளிசை

கலியாணப் பதிவு எழுத்துக்குக் குறித்த சுபநேரம் முடியப்போகிறது. மணப்பெண் வினோஜாவின் தலை நெஞ்சில் தொங்கியது. சண்டிலிப்பாய் வீட்டு விறாந்தையில் கூடியிருந்த சனம் முதலில் அதை அடக்கம் என்று மெச்சியது. பிறகு மெல்லிய குறட்டை கேட்டது.

தகப்பன் சீவரத்தினம் ஓய்வுபெற்ற கல்விப் பணிப்பாளர். ஓய்வு உத்தியோகத்துக்கு மட்டுந்தான், அறிவுரைக்கு இல்லை. மகளின் முகப்பருவுக்குத் தோல் டொக்டர் ஒரு மருந்தும், அதற்குத் துணையாக ஒரு அலர்ஜிக் குளிசையும் எழுதியிருந்தார். சீவரத்தினம் இணையத்தில் தேடி, மருந்து ஈரலுக்குக் கூடாதென்று தீர்ப்பளித்து நிறுத்தினார். துணைக் குளிசையை மட்டும் தொடர்ந்தார். அதுவும் முடிந்துபோக, எல்லாம் ஒரே சாமான்தான் என்று, தடிமன் சளிக்கு வீட்டில் கிடந்த, நித்திரை தூக்கும் பழைய வகை அலர்ஜிக் குளிசையில் இரண்டை இன்று விடியவே தன் கையால் கொடுத்தார்.

"பிள்ளை, உமக்குச் சம்மதமோ?" பதிவாளர் மறுபடியும் கேட்டார்.

வினோஜாவின் தலை இன்னும் கீழே சரிந்தது. தெளிவில்லாத ஆளிடம் கையெழுத்து வாங்க ஏலாது என்று பேனையை மூடினார்.

கனடா மாப்பிள்ளை பார்த்தீபனின் பெரியம்மா எழும்பினா.

"பெட்டைக்கு விருப்பமில்லைப் போலை. என்னத்தைக் குடுத்து இருத்தி வைச்சிருக்கிறியள்?"

சீவரத்தினம் விரதக் களைப்பு என்றார். பிறகு வெக்கை என்றார். பெரியம்மா கைப்பையை எடுத்தா, சனம் எழும்ப, கதிரைகள் தரையில் உரசின. உண்மையைச் சொன்னால் அவருடைய வைத்தியம் போகும். சொல்லாவிட்டால் மகளின் கலியாணம் போகும். மேடைகளில் மணிக்கணக்காகக் கதைத்தவர் ஒரு சொல்லில் தொடங்கினார்.

"பருவுக்கு…" என்றார் தரையைப் பார்த்து. "நான்தான் குடுத்தனான். டொக்டரின்ரை மருந்தை நிப்பாட்டிப்போட்டு."

"அப்ப நீங்கள் ஆர், டொக்டரோ?" என்றா பெரியம்மா.

பார்த்தீபன் குனிந்து வினோஜாவைக் கூப்பிட்டான். அவள் அரைக்கண் திறந்து, "வாறன்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூங்கினாள்.

"நேரம் போனாப் போகட்டும்," என்றான் அவன். "எழும்பித் தன்ரை வாயாலை சொல்லட்டும். மாட்டன் எண்டாலும் சரி."

சுபநேரம் போனது. இராகு காலம் வந்தது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை.

வினோஜா விழித்தபோது பவுடர் முழுவதும் சேலைத் தலைப்பில் இருந்தது. பருக்கள் முகத்தில் இருந்தன. பதிவாளர் பேனையைத் திறந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தீபனைப் பார்த்தாள்.

"முகத்தைப் பாத்திட்டியளோ?"

"ஓம். வேறை என்ன வேலை எனக்கு?"

"அப்பச் சம்மதம்."

"இராகு காலத்திலை…" என்று சீவரத்தினம் தொடங்கினார். மனைவி கனகாம்பிகை ஒரு கிளாசை அவர் கையில் திணித்து, குடிக்கச் சொன்னா.

என்னவென்று கேளாமலே குடித்தார்.