கரிக்கும் அரிசி

குடவாசல் வட்டாரத்து அரிசி ஒரு தை அறுவடையிலிருந்து உப்புக் கரிக்கத் தொடங்கியது. உலையில் யாரும் உப்புப் போடவில்லை. பச்சையாக மென்றால் கரிக்கவில்லை, வெந்து வடித்தபின்தான் கரித்தது. போர்வெல் தண்ணீரில் கடல்நீர் ஏறிவிட்டது என்று முதலில் சொன்னார்கள். சோதித்துப் பார்த்ததில் தண்ணீர் இளநீர்போல் இனித்தது. பங்குனிக்குள் காரணம் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நடவாட்களுக்குப் பேசிய கூலியை எந்த வயலில் குறைத்தார்களோ அந்த வயலின் சோறு கரித்தது, குறைத்த அளவுக்கு. முழுக்கூலி கொடுத்த வயலின் சோறு எப்போதும்போல் இருந்தது. டீக்கடைகளில் இதை பஸ் கட்டணம் ஏறியதைப்போல் இரண்டு நாள் பேசிவிட்டு விட்டுவிட்டார்கள்.

மகிழ்ந்தவள் எழில்மொழி ஒருத்திதான். அவள் அம்மா ஆயுள் முழுக்கப் பிறர் வயலில் நட்டவள். மகள் வணிகம் படித்து, குடவாசலில் வயல்களைக் குத்தகைக்கு எடுத்து, நட்டவர்களுக்கு உரிய கூலியைக் கொடுத்து விளைவித்த அரிசி என்று சொல்லித் தஞ்சாவூர் கீழவாசலில் கடை போட்டிருந்தாள். போடுவதற்கு முன் வீடுவீடாகப் போய்க் கேட்டாள். விலை கொஞ்சம் கூடினாலும் அப்படிப்பட்ட அரிசியைத்தான் வாங்குவோம் என்று ஒரு வீடு விடாமல் சொன்னார்கள். காபி கொடுத்தார்கள், சிலர் கண்கூடக் கலங்கினார்கள். கடை திறந்ததும் அதே மனிதர்கள் விலையைக் கேட்டு, நல்ல காரியம் செய்கிறாய் என்று வாழ்த்தி, எதிர்க்கடையில் வாங்கிப் போனார்கள். இனி நாக்கே சாட்சி சொல்லும், ஆண்டவன் கண் திறந்துவிட்டான் என்று எழில்மொழி கோயிலில் நெய்விளக்கு ஏற்றினாள். சித்திரை முழுக்கக் கடையில் கூட்டம் நின்றது.

வைகாசியில் கூட்டம் கரைந்தது. வங்கியில் வேலை பார்க்கும் ஆர்த்தி, வாங்கிப்போன பையைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க அரிசி சப்புன்னு இருக்கு."

"சோறுன்னா சப்புன்னுதானேங்க இருக்கும்?"

"இருக்கும்தான். பிள்ளைங்க கரிக்கிற சோத்துக்குப் பழகிடுச்சு. மோர் மட்டும் ஊத்தினா போதும், தட்டு காலி."

"அது எதனால கரிக்குதுன்னு தெரியும்ல?"

"தெரியுமே, பாவம்." ஆர்த்தி உண்மையாகவே வருத்தப்பட்டாள். "கால்பங்கு மட்டும் அதைக் கலந்து தர முடியாதா?"

நன்னிலத்து ஆலைக்காரர் வைத்தியலிங்கம் கரிக்கும் அரிசியைப் பளபளப்பான பைகளில் அடைத்து, நாற்றுமுடியோடு சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் போட்டு, உப்பரிசி என்று பெயர் வைத்தார். கப்பலிலும் ஏற்றினார். சுவை ஒரே சீராக வேண்டும் என்பதற்காக, கூலியில் எவ்வளவு பிடிக்கவேண்டும் என்று நடவுக்கு முன்பே வயல்காரர்களுக்குச் சொல்லி அனுப்பினார். முழுக்கூலி கொடுத்துவந்த நல்லவர்களும், தங்கள் நெல்லை எடுக்க ஆளில்லாமல், தலையைச் சொறிந்துகொண்டு குறைத்தார்கள்.

அந்தச் சம்பா நடவுக்கு முன், எழில்மொழியின் வயல்களில் நடும் பெண்களுக்குத் தலைவியான அம்சம் கடைக்கு வந்தாள்.

"ஏ புள்ள, எங்களுக்கும் கூலியக் கொறைச்சிடு."

"என்னக்கா பேசுறீங்க?"

"சப்புன்னு திங்க, உப்பில்லாத படையல் ஏத்துக்கிற உப்பிலியப்பன் சாமி ஒருத்தருதான் சம்மதிப்பாரு. அவருக்கு மட்டும் வித்து நீ கடை நடத்திடுவியா? நீ மூடிட்டா எங்களுக்கு முழுக்கூலின்னு பேசவே நாதியில்ல. நாலு போகம் கொறைச்சுக் குடு, கடை நிமிரட்டும்."

எழில்மொழி பலநாள் மறுத்தாள். பெண்கள் விடவில்லை. கடைசியில் அழுதுகொண்டே குறைத்தாள்.

தையில் புதுநெல்லைக் குத்தி உலை வைத்தார்கள். பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். அம்சம் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் மென்றாள். சோறு சப்பென்று இருந்தது. அவளுடைய இன்னொரு வயலின் நெல்லைக் குத்தி வடித்தார்கள், அதுவும் அப்படியே. பிடுங்கிய கூலியில்தான் உப்பு ஊறும், மனசார விட்டுக்கொடுத்ததில் ஊறாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.

"ஒழுங்கா ஏமாத்தக்கூட வரல உனக்கு," என்றாள் அம்சம். எல்லோரும் சிரித்தார்கள். குறைத்த கூலியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மாசியில் எழில்மொழி கடையை மூடினாள்.

ஆண்டுகள் போயின. டெல்டாவின் மளிகைக் கடைகள் இப்போது உப்பு வைப்பதில்லை. கல்யாணப் பந்தியில் இலை மூலையில் உப்பு வைக்கும் வழக்கமும் நின்றுவிட்டது. அரிசிக்கு உப்பு பிறவிக்குணம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள், யாரும் திருத்துவதில்லை. எழில்மொழி பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு எழுதப் போகிறாள். ஒரே ஒரு வயலை மட்டும் விடாமல் முழுக்கூலி கொடுத்து நடுகிறாள். அந்த அரிசி அவள் தெருவைத் தாண்டுவதில்லை.

நாகூரிலிருந்து மொபெட்டில் உப்பு கொண்டுவரும் ஜாஃபர் சாதிக்குக்கு இந்த வட்டாரத்தில் மிஞ்சியிருப்பது அந்த ஒரு தெருதான். பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. ஆனாலும் வியாழன்தோறும் வருகிறார். படியால் அளந்தபின் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறார்.

"எதுக்கு பாய் கூட?"

"இருக்கட்டும்மா. உப்பு கேக்குற சோறு இந்தத் தெருவுலதானே இருக்கு."

அவள் அதை முந்தானையில் வாங்கிக்கொண்டு, சோறு வடிக்க உள்ளே போகிறாள்.