நாலு பேருக்குப் பாய்

வீட்டுக்குப் பின்னால் முவாபே கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். உள்ளே பெண்கள் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தார்கள். அத்தனை அழுகையையும் தாண்டி, கல்லில் இரும்பு உரசும் சத்தம் தனியாக வந்து லோம்பேயின் காதில் விழுந்தது. ஒரு கத்தி முடிந்ததும் கொஞ்சம் நிற்கும். பிறகு அடுத்தது தொடங்கும்.

முவாபே அவளுடைய கொழுந்தன். அவன் மட்டும் என்றால் எக்கேடும் கெட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பாள். விடிந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது அவன் பக்கத்தில் குத்தவைத்திருந்தது கபாசோ. அவளுடைய மகன். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை, தீட்டிய வெட்டுக்கத்தியைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, பழைய சாக்கு ஒன்றில் செருகிக்கொண்டிருந்தான். குழி மூடும் மண்வெட்டிகளோடு அந்தச் சாக்கும் லாரியில் ஏறும். அடக்கம் முடிந்த கையோடு லாரி வீட்டுக்குத் திரும்பாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் டேவியின் வீட்டுக்குப் போகும். அந்தச் சாவு வீட்டில் இது தெரியாத ஆண் ஒருவனும் இல்லை. தடுக்கவும் ஒருவனும் இல்லை.

சொல்லப்போனால் லோம்பேயின் இடுப்பிலும் ஒரு கத்தி இருந்தது. காய் நறுக்கும் கத்தி. பிணவறையில் துணியை விலக்கிக் காட்டியபோது கசொண்டேக்கு முகம் என்று ஒன்று இல்லை. செங்கல்லால் அடித்திருந்தார்கள். சுரங்கத்தில் நசுங்கிப் போன இடது கால் சுண்டுவிரலின் இடத்தைப் பார்த்துத்தான் அவள் தன் புருஷனை அடையாளம் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் அந்தக் கத்தியை எடுத்து இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள். அழுகிறவர்கள் நடுவில் உட்கார்ந்து, டேவியின் கழுத்தில் எந்த இடத்தில் செருகுவது என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆசை அவளுக்கு இதமாகக்கூட இருந்தது. மகன் கையில் இரும்பைப் பார்த்த பிறகுதான் அது கசந்தது.

இத்தனையும் எதற்கு? நாலு நாள் ஊர் சுற்றிவிட்டு வர ஆசைப்பட்டதற்கு.

கசொண்டேயும் ஜேரேயும் இருபது வருஷம் கிட்வே சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் இறங்கி ஏறியவர்கள். ஜேரே ஓய்வு பெற்றுக் கிழக்கே, சொந்த ஊரான சிப்பாட்டாவுக்குப் போனதிலிருந்து, குடும்பத்தோடு வா, வா என்று தொலைபேசியில் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். இந்த ஆகஸ்டில்தான் கூடிவந்தது. ஜேரே வீட்டில் நாலு நாள் தங்குவது, அங்கிருந்து லுவாங்வா காட்டுக்குப் போய் யானை பார்ப்பது. ஐம்பது வயதாகியும் சொந்த நாட்டு யானையைக் கண்ணால் பார்க்கவில்லையே என்று கசொண்டேக்குப் பெரிய வெட்கம்.

“சிநேகிதர் வீட்டுக்குப் போறமா, காட்டுக்குப் போறமா? ஏதாவது ஒண்ணச் சொல்லுங்க” என்று லோம்பே கேட்டாள்.

“ரெண்டும்தான். அந்த எலிதின்னி மூஞ்சிய நாலு நாள் பார்த்த கண்ணுக்கு யானையையாவது காட்ட வேண்டாமா?”

“அப்ப வழியில ஆத்துப் பாலத்துல நிறுத்தி எனக்குக் கருவாடு வாங்கித் தரணும்.”

“அதையும் சேர்த்துக்க. வேற ஏதாவது ஆசை இருக்கா மகாராணிக்கு?”

கபாசோவின் தங்கை, சின்னவள் எஸ்னாத், விழுந்து விழுந்து சிரித்தாள்.

டிக்கெட் போடப் போன மனுஷன் வழியில் சந்தையில் ஒரு பை வாங்கி, ஜேரே வீட்டுக்கான சாமான்களை அதில் போட்டு எடுத்துப் போனார். பஸ் நிலையத்தில் ஆள் பிடிக்கிறவன் டேவி. பையைப் பிடுங்கித் தன் பஸ்ஸில் எறிந்தால் ஆள் தானாகப் பின்னால் வருவான் என்பது அவர்கள் தொழில் முறை. கசொண்டேயின் பையையும் பிடுங்கினான். அவர் அதற்குள் வேறு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். டேவியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கீழே கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சிவப்பும் நீலமும் கட்டம் போட்ட பை. அந்த நிலையத்தில் பாதிப் பேர் கையில் அதே பைதான். அவர் தூக்கியது இன்னொருத்தியுடையது. “என் பை!” என்று அவள் கத்தினாள். “திருடன்!” என்று டேவி கத்தினான். முதல் செங்கல் அவனுடையது. அதற்கப்புறம் கேட்பானேன், வழியோடு போனவன் எல்லாம் ஒரு கல் எடுத்தான். பை கிடைத்ததும் அந்தப் பெண் பஸ் ஏறிப் போய்விட்டாள். கூட்டம் அடித்தது, யார்மேல் வழக்குப் போடுவது என்று போலீஸில் கைவிரித்தார்கள். கசொண்டேயின் சொந்தப் பையை எவரோ கொண்டுவந்து வீட்டில் போட்டார்கள். அது பிரிக்காமல் மூலையில் கிடந்தது.

வாசலில் திடீரென்று ஒரு கூச்சல்.

“எங்கடா அந்தக் குரங்குதின்னி? ஏமாத்துக்காரப் பய! வரேன், வரேன்னு சொல்லிட்டு இங்க பெட்டிக்குள்ள படுத்துக்கிட்டானா?”

அழுதுகொண்டிருந்த பெண்களில் பாதிப் பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜேரே வந்துவிட்டார். அவர் அங்கோனி இனத்தவர், இவர்கள் பெம்பா. என்றைக்கோ வெட்டிக்கொண்டு செத்த இரண்டு கூட்டம், இன்றைக்குக் கேலிச் சொந்தம்; இவர்களுக்கு அவர் எலிதின்னி, அவருக்கு இவர்கள் குரங்குதின்னி. பெம்பா வீட்டில் சாவு விழுந்தால் அங்கோனிக்காரன் வந்து பிணத்தையே திட்டுவான், சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான், கேட்டதைக் கொடுத்தால்தான் விடுவான். அவன்மேல் யாரும் கோபப்படக் கூடாது. அதிலும் சாவு வீட்டில் கூடவே கூடாது.

ஜேரே நேராகப் பெண்கள் அறைக்குள் நுழைந்தார். கையில் ஒரு குச்சி, அதில் வரிசையாகக் குத்திய காய்ந்த வயல் எலிகள். இராப் பயணத்தில் கண்கள் சிவந்திருந்தன.

“உன் புருஷன் வந்தா வறுத்துப் போடலாம்னு வச்சிருந்தேன், கபாசோம்மா. வரல. அதான் நானே தூக்கிட்டு வந்துட்டேன். பெட்டியத் திற, வாயில ஊட்டிட்டுப் போறேன்.”

“வாய் இல்ல அண்ணே” என்றாள் லோம்பே.

ஜேரே குச்சியைக் கீழே வைத்தார். அவர் அவள் முன்னால் மண்டியிட்டார். அவள் அவர் காதருகே குனிந்தாள்.

“பின்னால உரசுற சத்தம் கேக்குதா? கபாசோவும் அங்கதான் இருக்கான். குழிய மூடின கையோட டேவி வீட்டுக்குப் போறாங்க. ஒருத்தர் போயிட்டாரு அண்ணே. இவனையும் நான் குடுக்க மாட்டேன். உங்களத் தவிர யார் சொன்னாலும் கேக்க மாட்டாங்க.”

ஜேரே கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். பிறகு எழுந்து, முன்னைவிட உரக்க, “இந்த வீட்டுல குரங்குக் கறி வேகுது! நாத்தம் தாங்கல!” என்று கத்திக்கொண்டே வெளியே போனார்.

லாரியில் பெட்டியைச் சுற்றி ஆண்கள் நின்றார்கள், பெண்கள் பாடினார்கள். முவாபே சாக்கின்மேலேயே உட்கார்ந்து வந்தான். கபாசோ யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவன் தாடை இறுகியிருந்த விதம் அப்படியே அப்பனுடையது. அதைப் பார்க்கப் பார்க்க லோம்பேக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செத்தவன்மேல் கோபம், பிள்ளைமேல் கோபம், கட்டம் போட்ட பை விற்றவன்மேல்கூடக் கோபம்.

குழியருகே பாய் விரித்து அவளை உட்காரவைத்தார்கள். போதகர் ஜெபம் முடித்தார். கயிற்றை எடுத்தார்கள். அந்த நேரம் பார்த்து ஜேரே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் குழிக்குள் குதித்தார். மல்லாந்து படுத்துக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“ஆகா, நல்ல குளிர்ச்சி! இந்த வீடு எனக்குப் பிடிச்சிருக்கு. மச்சான், நீ எழுந்திருச்சு வீட்டுக்குப் போ. நான் இங்க இருந்துக்கறேன்.”

கூட்டம் சிரித்தது. அழுதபடியே சிரித்தது. வழக்கப்படி சில்லறை வீசினார்கள். ஜேரே அதைப் பொறுக்கித் திரும்ப மேலே எறிந்தார்.

“காசு யாருக்கு வேணும்? எனக்கு இரும்பு வேணும். லாரியில ஒரு சாக்கு இருக்கு. அதக் குடுங்க, எழுந்துக்கறேன்.”

சிரிப்பு நின்றது.

“விளையாட்டு போதும், ஏறி வாங்க” என்றான் முவாபே.

“எலி வளைக்குள்ள போயிடுச்சு தம்பி. முடிஞ்சா தோண்டி எடு.”

கபாசோ லாரிக்கு ஓடினான். சாக்கிலிருந்து ஒரு வெட்டுக்கத்தியை உருவிக்கொண்டு வந்தவன், யாரும் பிடிப்பதற்குள் குழிக்குள் குதித்தான். கத்தியின் கைப்பிடியால் ஜேரேயின் வாயில் ஓங்கி ஒரு குத்து. பல் உடைகிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது. கூட்டத்தில் யாரோ “ஐயோ, கேலிக்காரரை அடிச்சுட்டான்!” என்று அலறினார்கள். ரத்தம் தாடையில் வழிந்து சட்டைக்கு இறங்கியது. கபாசோ கத்தியைத் திருப்பி ஓங்கினான். அவன் கை நடுங்கவே இல்லை. அதுதான் லோம்பேக்குப் பயமாக இருந்தது.

ஜேரே எழவில்லை. கையால் தடுக்கவும் இல்லை.

“வெட்டு. வெட்டி, உங்கப்பன் பக்கத்துலயே போட்டு மூடு. இடம் இருக்கு.” ரத்தத்தைத் துப்பினார். இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “நாலு பேர் வரோம்னு சொன்னான்டா உங்கப்பன். நாலு பேருக்குப் பாய் போட்டு வச்சிருக்கேன். ஒரு பாய் காலி. இன்னொண்ணையும் காலி பண்ணாத. என்னால தாங்க முடியாது.”

லோம்பே எழுந்தாள். புருஷனை அடக்கம் செய்யும்போது பெண்டாட்டி பாயை விட்டு எழக் கூடாது. பிடிக்க வந்த கைகளைத் தட்டிவிட்டாள். இடுப்புத் துணியை அவிழ்த்து, காய் நறுக்கும் கத்தியை எடுத்து எல்லோரும் பார்க்க உயர்த்தினாள். ஜேரேயின் கால்மாட்டில் அதைப் போட்டாள்.

“அவனக் கொல்லணும்னு உன்னவிட எனக்குத்தான்டா வெறி அதிகம்” என்றாள் மகனிடம். “இந்தா, என்னோடத போட்டாச்சு. இப்ப நீ.”

பிறகு லாரிக்கு நடந்துபோய், அந்தச் சாக்கைத் தரையோடு தரையாக இழுத்து வந்தாள். அவ்வளவு கனத்தை எப்படி இழுத்தாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. ஒருவரும் உதவவில்லை, ஒருவரும் தடுக்கவும் இல்லை. முவாபே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவனுடைய சொந்த அத்தையே அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று வைத்தாள். சாக்கு குழிக்குள் விழுந்தது.

கபாசோ ஓங்கிய கையோடு நின்றுகொண்டிருந்தான். அப்புறம் கத்தி கையிலிருந்து நழுவியது. அவன் ஜேரேயின் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்து, “அப்பா, அப்பா” என்று வாய்விட்டு அழுதான். இருவரையும் கைகொடுத்துத் தூக்கினார்கள். கசொண்டேயின் பெட்டி அந்த இரும்பின்மேல் இறங்கியது.

சாயங்காலம் கூட்டம் கலைந்திருந்தது. ஜேரேக்கு உதடு வீங்கி, முன்பற்கள் மூன்று போயிருந்தன. சோளக்களியைக்கூட மெல்ல முடியாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். லோம்பே மூலையில் கிடந்த பையை முதல் தடவையாகப் பிரித்தாள். ஜேரேயின் பெண்டாட்டிக்குப் பூப்போட்ட துணி. எஸ்னாத்துக்கு ஒரு தொப்பி. அடியில், வாய் தைத்த சின்னச் சாக்கில், வெயிலில் காயவைத்த புழு. பெம்பா நாட்டுப் பண்டம்.

“எலிதின்னிக்கு நல்ல சாப்பாடுன்னா என்னன்னு காட்டணும்னு சொல்லிட்டிருந்தாரு” என்றாள்.

தையலை அறுக்கக் கத்தி தேடினாள். வீட்டில் கத்தியே இல்லை. கபாசோ சாக்கை அவள் கையிலிருந்து வாங்கி, பல்லால் கடித்துப் பிரித்தான். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிப் புழுவை ஊறவைத்தான். மெத்தென்று ஆனதும் கொண்டுவந்து ஜேரேயின் முன்னால் வைத்தான். ஜேரே ஒன்றை எடுத்துக் கடைவாயில் ஒதுக்கி மெதுவாக மென்றார். கண்ணில் நீர் கட்டியது.

“உப்பே இல்ல” என்றார். “செத்தும் கஞ்சத்தனம் போகல பாரு, குரங்குதின்னிக்கு.”

கிண்ணத்தை லோம்பே பக்கம் நகர்த்தினார்.

“இவன நான் காலையில கூட்டிட்டுப் போறேன், கபாசோம்மா. இங்க விட்டுவச்சா முவாபே நாளைக்கே வேற கத்தி வாங்கியாந்துருவான். என்கூட இருக்கட்டும். யானையையும் பார்க்கட்டும். துக்கம் கழிஞ்சு நீயும் சின்னவளும் வாங்க.”

லோம்பே தலையாட்டினாள்.

ஜேரே கபாசோ பக்கம் திரும்பினார். “பஸ் எங்கருந்து கிளம்பும்னு தெரியும்ல? அதே இடம். அவன் அங்கதான் நிப்பான். உன் பையப் பிடுங்க வருவான். நீ என்ன பண்ணுவ?”

கபாசோ தன் உள்ளங்கைகளைப் பார்த்தான்.

“ரெண்டு கையாலயும் பையப் பிடிச்சுக்குவேன்.”

லோம்பே அவனுடைய சட்டைகளை மடித்து, கட்டம் போட்ட பையில் பூப்போட்ட துணியின்மேல் அடுக்கினாள். கசொண்டேயின் கம்பளிச் சட்டையையும் வைத்தாள், காட்டில் குளிரும் என்று. பை பிதுங்கியது. ஜிப் பாதியிலேயே நின்றுவிட்டது. ஜேரே எழுந்து வந்து அதன்மேல் முழங்காலை ஊன்றினார்.

“இழுடா, குரங்குக் குட்டி.”

கபாசோ குனிந்தபடி ஜிப்பைப் பிடித்தான்.

“நீங்க நல்லா அழுத்துங்க, எலிதின்னி மாமா.”

ஜேரே தன் முழு பாரத்தையும் போட்டு அழுத்தினார். கபாசோ இழுத்தான். பை மூடிக்கொண்டது.