ஒரே ஒரு வார்த்தைதான் மாறியது

அன்று காலை பத்து மணிக்கு என் மனைவிக்கு ஓட்டுநர் தேர்வு. மூன்றாவது தடவை. இதிலும் கோட்டை விட்டால் இந்த ஜென்மத்தில் ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று தெருவே கேட்கும்படி சபதம் போட்டிருந்தாள்.

தேர்வு அலுவலகத்தின் இணையப் பக்கத்தை எழுதுவது எங்கள் மருமகள். "முழுசாப் படிக்காதீங்க மாமா. மேலே 'என்ன மாறியிருக்கு'ன்னு ஒரு வரி இருக்கும், அது போதும்" என்று சொல்லிவைத்திருந்தாள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? நாளுக்கு நானூறு தடவை பார்த்தேன். "சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன" என்றது. சரி, கமா புள்ளி சமாச்சாரம் என்று விட்டுவிட்டேன்.

எட்டரை மணிக்குக் கை சும்மா இராமல், போன வாரம் அச்செடுத்த தாளைத் திரையோடு ஒப்பிட்டேன். நான் போட்ட கூச்சலில் அடுத்த தெருவில் யாரோ கதவைச் சாத்தினார்கள். தேர்வு நடக்கும் மைதானமே மாறியிருந்தது! முன்பு விளையாட்டரங்கம், இப்போது ஊரின் மறுகோடியில் பணிமனை.

மருமகள் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தாள். "ஒரே வார்த்தைதானே மாமா மாத்தினேன்! அதான் சிறு திருத்தம்னு போட்டேன்."

"அடிப்பாவி, அந்த ஒரு வார்த்தை ஒன்பது கிலோமீட்டர்!"

"என்னை விடுங்க, இன்னைக்குத் தேர்வுக்கு வர்ற இன்னும் இருபத்தாறு பேர் பழைய இடத்துல போய் நிப்பாங்களே" என்றாள் மனைவி. "மொதல்ல அதை எழுதும்மா."

மருமகள் தட்டினாள்: 'தேர்விடம் மாற்றப்பட்டுள்ளது.'

"எங்கேருந்து எங்கே?" என்றேன்.

"எப்பலேருந்து?" என்றாள் மனைவி. "மறுபடி பதிவு பண்ணணுமா?"

"ரெண்டு பேரும் சேர்ந்து என்னை வறுக்கிறீங்களே அத்தை!" என்று சிரித்தபடியே அழித்து எழுதினாள்: 'இன்று முதல் ஓட்டுநர் தேர்வு விளையாட்டரங்க மைதானத்தில் நடக்காது. பணிமனை மைதானத்துக்கு வாருங்கள். நேரத்தில் மாற்றமில்லை. மறுபடி பதிவு செய்ய வேண்டாம்.' அதையே எல்லோருடைய கைப்பேசிக்கும் அனுப்பினாள்.

எனக்குப் புல்லரித்தது. இதைவிட அழகான நாலு வரியை நான் படித்ததே இல்லை, சத்தியமாக!

மனைவியே வண்டியை ஓட்டினாள். உரிமம் வைத்திருக்கும் நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்தால் இருபத்தாறு பேரும் ஆஜர். ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக் காட்டி, "யாரோ புரியற மாதிரி எழுதியிருக்காங்க சார்!" என்றார்.

பதினொன்றே காலுக்குத் தேர்வாளர் தாளில் கையெழுத்திட்டு, "பாஸ்மா" என்றார். நான் வண்டியில் ஏற முன்கதவைத் திறக்கப் போனேன். அவள் என்னை மைதானத்திலேயே விட்டுவிட்டு, தன்னந்தனியாக இன்னொரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாள்.