அறுத்த எஞ்சினும் சிபிரோக் மேடும்

என் அண்ணன் சஹாலாவுக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. மூட்டையும் ஏற்ற வேண்டும், பறக்கவும் வேண்டும். பழைய வெஸ்பாவின் பக்கத்தில் தொட்டி வைத்துக் கட்டிய பெச்சாக் அவனுடையது. சலாக் பழ மூட்டையும் ஆளுமாகச் சிபிரோக் மேட்டில் அது மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஒரு நாளும் நின்றதில்லை. காப்பிக்கடையில் எவனோ ரீட் தகடு போட்டு வேகம் ஏற்றிய ஸ்கூட்டரை முறுக்கிக் காட்டிவிட்டான். மறுநாள் காலையிலேயே இவன் எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

பட்டறை என் கணவர் போர்கட்டுடையது. எஞ்சினிடம் பேசுகிற அளவுக்கு மனிதர்களிடம் பேசத் தெரியாதவர்.

"மச்சான், எனக்கும் ரீட் போட்டு விடு. இனி எவனும் என்னை முந்தக் கூடாது" என்றான் சஹாலா.

"வேணாம் மச்சான். உங்க எஞ்சின்ல வால்வுன்னு தனியா ஒண்ணும் கிடையாது. உள்ள ஒரு திண்டு இருக்கு பாருங்க, கிராங்க் சக்கரத்தோட விளிம்பு அதை உரசாம உரசிட்டு சுத்தும். அதுதான் பெட்ரோல் வழியைத் திறந்து மூடுது. நடுவுல முடி கூட நுழையாது. ரீட் போடணும்னா அந்தத் திண்டை அறுத்து எடுத்துட்டு, மெல்லிசு தகடு வச்ச பெட்டியை மாட்டணும். அறுத்தா அறுத்ததுதான். திரும்ப வராது."

"உன்கிட்ட பாடமா கேட்டேன்? பொண்ணு குடுத்தவன் கேக்கறேன். செய்யி."

எங்கள் பக்கம் இந்த ஒரு வார்த்தை போதும். பெண் கொடுத்த வீட்டார் சொன்னால் பெண் எடுத்தவன் தட்டக் கூடாது. ஊரில் விசேஷம் என்றால் அவர்கள் பாயில் உட்காருவார்கள். நாங்கள் விறகு வெட்டி, எருமை அறுத்து, சமைத்துப் பரிமாறி, மிச்சத்தைத் தின்போம். போர்கட் எட்டூருக்கு மெக்கானிக்காக இருந்தாலும் என் அண்ணன் முன்னால் விறகுவெட்டிதான். எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வராது.

அறுத்தார். தகட்டுப் பெட்டி, பெரிய கார்புரேட்டர், வயிறு பெருத்த சைலன்சர் என்று அவன் கேட்டதையெல்லாம் மாட்டினார். வெறும் வண்டியாகச் சமதரையில் விட்டால் பறந்தது. சஹாலா ஒரு வாரம் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்து எல்லார் காதையும் கிழித்தான்.

அப்புறம் மூட்டை ஏற்றினான். மேட்டில் வேகம் குறைந்ததும் எஞ்சின் இருமியது, நின்றது. எகிறிச் சுற்றும்போதுதான் அதற்கு உயிர். நிதானமாக இழுக்கச் சொன்னால் வராது. போதாததற்குத் தகட்டின் முனை வேறு உடைந்தது. எண்ணெய் கலந்த பெட்ரோலைத் தவிர ஒன்றும் கேட்காமல் ஓடிய வண்டி, இப்போது பட்டறையிலேயே குடியிருந்தது.

"என் எஞ்சினைக் கெடுத்துட்டான் இந்தக் கையாலாகாதவன்!" தெருவே கேட்கும்படி கத்தினான் சஹாலா. "பழையபடி ஆக்கிக் குடு!"

"முழுசா ஆகாது மச்சான். சின்ன கார்புரேட்டரும் பழைய சைலன்சரும் மாட்டித் தர்றேன். ரீட் இருந்தாலும் நல்லாவே இழுக்கும். முக்கால்வாசி திரும்பிடும்."

"முக்காலா? நான் முழுசா குடுத்தேன், முழுசா வேணும். அறுத்த எஞ்சின் மேட்டுல ஏறாது. எனக்குத் தெரியாதா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. அப்போதுதான் அவன் கண் என் ஸ்கூட்டர் மேல் விழுந்தது.

அது கல்யாணத்துக்கு அப்பா எனக்குக் கொடுத்தது. பின்னால் இரண்டு கூடை புகை மீன் கட்டிக்கொண்டு அதே மேட்டில் ஏறி, மலை ஊர்களில் விற்று வருகிறேன். பட்டறையில் வேலை இல்லாத மாதம் எங்கள் அடுப்பு எரிவது அந்த மீனால்தான்.

"இதுலயும் அதே எஞ்சின்தானே? இதைக் கழட்டி எனக்கு மாட்டு. என்னோடதை இவளுக்கு மாட்டு. மீன்காரிக்கு எது இருந்தா என்ன?"

"என் வண்டியில கை வச்சுப் பாரு" என்றேன்.

"எங்க அப்பா வண்டிடி அது. உன் புருஷன் வீட்டுச் சொத்தா?"

போர்கட் துணியில் கை துடைத்துக்கொண்டே இருந்தார். அன்று அவன் போய்விட்டான். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். நான்தான் முட்டாள்.

அடுத்த சந்தை நாளில் மொத்தமாக மீன் வாங்க, தொலைவு என்பதால் பேருந்தில் போயிருந்தேன். மத்தியானம் திரும்பி வந்தால், என் ஸ்கூட்டர் வயிறு காலியாகச் சுவரில் சாய்ந்திருக்கிறது. எஞ்சின் மேசை மேல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சஹாலா முக்காலியில் உட்கார்ந்து காப்பி உறிஞ்சிக்கொண்டிருக்கிறான். அதுவும் என் கோப்பையில்.

"என்னங்க இது?"

போர்கட் தலை நிமிரவில்லை. "கழட்டச் சொன்னாரு. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை உள்ள பாத்துரலாம்னு பிரிச்சேன். திண்டுல ஒரு கீறல் கூட இல்ல, லினா" என்றார்.

பார்த்தேன். கிராங்கை எடுத்த குழிக்குள் திண்டு பளபளவென்று இருந்தது. அவர் மேல் வந்த கோபம் அண்ணன் மேல் வந்ததைவிடப் பெரிது. இவ்வளவு நல்ல பொருளை இவ்வளவு பத்திரமாகக் காப்பாற்றி, வாய் செத்துப்போய்த் தூக்கிக் கொடுக்கிறாரே!

"சீக்கிரம் முடி மச்சான், மூட்டை காத்திட்டிருக்கு" என்றான் சஹாலா.

கிரைண்டர் மேசையிலேயே கிடந்தது. எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

"லினா, வேணாம்" என்றார் போர்கட். ஆனால் என் கையைப் பிடிக்கவில்லை. திண்டின் நடுவில் வைத்து அழுத்தினேன். அலுமினியத் தூள் என் முகத்திலும் அவன் காப்பியிலும் தெறித்தது. முழுக்க அறுக்க எனக்குத் தெரியாது. பாழாக்குகிற அளவுக்கு அறுத்தேன்.

"பைத்தியமாடி உனக்கு!" சஹாலா துள்ளி எழுந்தான்.

"இப்ப எடுத்துட்டுப் போ. உன்னோடதும் இதுவும் ஒண்ணுதான். மீன்காரிக்கு எது இருந்தா என்னன்னு கேட்டியே? பெச்சாக்காரனுக்கு மட்டும் எது இருந்தா என்ன?"

"இனி எங்க வீட்டு விசேஷத்துல உன் புருஷன் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. நீயும் வரக் கூடாது. எனக்குத் தங்கச்சியே இல்ல."

விறகு வெட்டக்கூட ஆகாதவன் என்றால் உறவே அறுந்துபோனதாக அர்த்தம், எங்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. "சரி. விறகை நீயே வெட்டிக்கோ" என்றேன்.

அவன் போன பிறகு போர்கட் வெகுநேரம் அந்தக் குழிக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் கொஞ்சம் ஆழமா போயிட்டே" என்றார். மீதியை அவரே சீராக அறுத்து, ரீட் பெட்டி மாட்டினார். சின்ன கார்புரேட்டர், பழைய சைலன்சர். அண்ணன் வேண்டாமென்று எட்டி உதைத்த அதே முக்கால்வாசி.

போன செவ்வாய்க்கிழமை கூடைகளைக் கட்டிக்கொண்டு சிபிரோக் மேட்டில் ஏறினேன். பாதியில் ஒரு பெச்சாக் நின்றிருந்தது. மூட்டைகள் ரோட்டோரம் இறங்கியிருந்தன. வண்டிச் சத்தம் கேட்டு, முகம் பார்க்காமலே, நிறுத்தச் சொல்லிக் கையை உயர்த்தினான் சஹாலா.

பிறகு முகத்தைப் பார்த்தான். முகத்திலிருந்து கண் கீழே இறங்கி என் எஞ்சினுக்கு வந்தது. அறுத்ததை அவன் கண்ணாலேயே பார்த்தவன். இப்போது ஏறுவதையும் பார்த்தான். உயர்த்திய கையை இறக்க மறந்துவிட்டான்.

நான் நிறுத்தவில்லை.