மாப்பிள்ளை எதிரில்

என் அம்மா சொர்ணம் பெரிய மார்க்கெட்டில் வஞ்சிரம் விலை சொன்னால் பிள்ளைச்சாவடி வரைக்கும் கேட்கும். அவ்வளவு வாய். ஆனால் என் வீட்டுக்காரர் இராமதாஸ் வந்து நின்றால் போதும், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிவிடுவாள். மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை.

எண்பத்து மூன்றாம் வருஷம் அவளுக்குக் குடல் அடைப்பு வந்தது. ஆபரேஷன் நல்லபடியாகத்தான் முடிந்தது. அதற்கப்புறம் குடல் அசையவே இல்லை. வயிறு பானையாக உப்பி, தண்ணீர்கூட இறங்கவில்லை. குடல் தூங்குகிறது, கரண்ட் வைத்து எழுப்பிப் பார்க்கலாம் என்றார் டாக்டர் தட்சிணாமூர்த்தி. ஈரத்துணி சுற்றிய தகடுகளை வயிற்றில் கட்டி, ஒரு சின்னப் பெட்டியிலிருந்து லேசாகக் கரண்ட் விட்டார்கள். காற்று பிரிந்தால் பிழைத்தோம். சாயங்காலத்துக்குள் பிரியாவிட்டால் மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டும். அதை அவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்.

நான் வெந்நீருக்கும் மருந்துக்கும் அலைந்துகொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் கட்டிலை விட்டு நகரவில்லை. அப்பேர்ப்பட்ட மாப்பிள்ளை. நர்ஸ் வந்து வந்து, காற்று பிரிந்ததா என்று கேட்டாள். அம்மா ஒவ்வொரு தடவையும் இல்லை என்று தலையாட்டினாள். சாயங்காலம் தள்ளுவண்டியும் வந்துவிட்டது. அவர் கையெழுத்துப் போட டாக்டர் அறைக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மத்தியானமே போச்சுடி. மாப்பிள்ள பக்கத்துல நிக்கறாரு, எந்த மூஞ்ச வச்சிக்கினு சொல்றது?"

உயிர் போகிற நேரத்தில் என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று கத்திவிட்டு ஓடினேன். அங்கே அவர் பேனாவைப் பிடித்தபடி, கையெழுத்துப் போடாமல் நெளிந்துகொண்டிருந்தார். நான் விஷயத்தை உடைத்ததும் டாக்டர் எழுந்து வந்து, அம்மா வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. குடல் நன்றாக வேலை செய்கிறது, தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள் என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

வராந்தாவுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலேயேதானே இருந்தீர்கள், உங்கள் காதில் விழவில்லையா என்று கேட்டேன்.

அவர் தரையைப் பார்த்தார்.

"விழுந்திச்சி. மாமியாரப் பத்தி அத நான் எப்பிடி வெளிய சொல்றது?"