பட்டன்களுக்கு நடுவே

கடையின் பின்சுவரில் மலைச் சைக்கிள் டயர்கள் வயது வரிசையில் தொங்கின. இடக்கோடியில் இருந்ததுதான் மூத்தது. உடம்பெல்லாம் ஒரே அளவுச் சதுர ரப்பர்ப் பட்டன்கள், நெருக்கியடித்துக்கொண்டு. அடுத்ததில் பட்டன்கள் அம்பு முனைகளாகி, எந்தப் பக்கம் உருள வேண்டும் என்று அவையே சொல்ல ஆரம்பித்தன. பிறகு முன்சக்கர டயரும் பின்சக்கர டயரும் ஒத்துவராமல் தனிக்குடித்தனம் போயின. வலக்கோடியில் தொங்கியது போன மாதம்தான் வந்தது. நன்றாகத் தடித்த டயர். நடுவில் வேகத்துக்காகத் தாழ்ந்த பட்டன்கள், இரு ஓரங்களிலும் நாய்ப்பல் போல உயர்ந்தவை. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே சேறு தங்காமல் உதிர்வதற்காக விட்ட வெறும் பள்ளம்.

அந்த வகையில் ஒரு ஜோடியைத்தான் அவள் அன்று காலை அண்ணனின் சைக்கிளில் மாட்டிக்கொண்டிருந்தாள். கடை அண்ணனுடையது, டயர் வேலை முழுக்க அவளுடையது. சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவன், அதற்குப் பிறகு அன்றுதான் முதல்முறையாக மலைச்சரிவில் இறங்கப்போகிறான். இரவெல்லாம் மழை பெய்து, காலையில்தான் விட்டிருந்தது.

“என் பழைய டயருக்கு என்ன கொறச்சல்?” என்றான்.

“ரப்பர் இறுகிக் கல்லாயிடுச்சுண்ணா. உன்ன மாதிரியே.”

“வாய் கொஞ்சம் நீளமாத்தான் இருக்கு.”

ஸ்டாண்டில் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டான். டிக்டிக்டிக் என்று சீராகச் சத்தம் வந்தது. சக்கரம் தானாக ஓய்வதற்குள் உள்ளங்கையை டயரில் வைத்து நிறுத்தினான்.

“சுத்துற சக்கரத்துல கைய வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது? விரல் போனா ஒட்டவைக்கவா முடியும்?”

“சும்மா சுத்துறதப் பாத்தா கை அரிக்குதுடி.”

தண்ணீர் பாட்டிலோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றுவிட்டாள். சைக்கிளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. “நீயாவது சொல்லும்மா. நான் சொன்னா உங்க அண்ணன் காதுலயே வாங்க மாட்டாரு.”

“மெதுவா போறேன், திருப்பத்துல சாயவே மாட்டேன். போதுமா?” என்றான் அண்ணன். “தலையில தண்ணிக் குடம் இருக்கிற மாதிரி போயிட்டு வரேன்.”

“ஆமாண்ணா, லேசா சாஞ்சாப் போதும். என்ன அவசரம்?” என்று அவளும் சேர்ந்துகொண்டாள். அண்ணியின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் உயிர் வந்தது.

அவன் போன பிறகு, ஒரு வாடிக்கையாளரின் சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றினாள். அதே வகை டயர். எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்த்தால்தான் அவளுக்கு மனம் ஆறும். காற்றை அழுத்திப் பார்த்தபோது கட்டைவிரல் வழுக்கி, நடுப்பட்டனுக்கும் ஓரப்பட்டனுக்கும் இடையே போய் விழுந்தது. முழு விரலும் அங்கே வசதியாகப் படுத்துக்கொண்டது. விரலுக்கு அடியில் பிடித்து நிற்க ஒன்றுமே இல்லை.

விரலை வெடுக்கென்று எடுத்தாள்.

இதை அவள் வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறாள். நிமிர்ந்து போனால் நடுப்பட்டன் பிடிக்கும், நன்றாகச் சாய்த்தால் ஓரப்பட்டன் கடிக்கும், அரைகுறையாகச் சாய்த்தால் பள்ளத்தில்தான் நிற்பாய் என்று. பழைய சதுரப் பட்டன் டயர் எப்படிச் சாய்த்தாலும் கைவிடாது. அண்ணன் கற்றுக்கொண்டது அதில். அவனிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்த உடைந்த எலும்பைத் தவிர வேறு எதுவும் அவள் நினைவில் இல்லை. லேசாகச் சாய் என்று தன் வாயாலேயே சொல்லியனுப்பியிருந்தாள்.

போன் செய்தாள். அவன் போன் கல்லாப்பெட்டியின் மேலேயே அடித்தது.

வாடிக்கையாளரின் சைக்கிளை இறக்கி ஏறினாள்.

“எங்கம்மா ஓடுற?” என்று அண்ணி கேட்டாள்.

“இதோ வந்துடறேன் அண்ணி.” திரும்பிப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

தெரு முடிகிற இடத்தில் பாதை தொடங்கியது. ஈரமண்ணில் அவன் தடம் அச்சடித்தாற்போல் இருந்தது. நேர்வழியில் நடுப்பட்டன்களின் வரிசை மட்டும் சுத்தமாகப் போயிற்று. முதல் திருப்பத்தில் இறங்கிப் பார்த்தாள். அங்கே ஓரப்பட்டன்கள் பதிந்திருக்க வேண்டும். பதியவில்லை. நடுவரிசை கொஞ்சம் இழுபட்டு மெழுகினாற்போல் இருந்தது, அவ்வளவுதான். எனக்குத்தான் பயத்தில் அப்படித் தெரிகிறதோ என்று குனிந்து இன்னொருமுறை பார்த்தாள். அப்படித்தான் இருந்தது.

அடுத்த திருப்பத்தில் மெழுகல் இன்னும் அகலம். தடம் பாதையின் நடுவை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வழுக்க வழுக்க அவன் பயந்திருக்கிறான். பயந்து இன்னும் நிமிர்ந்திருக்கிறான். கொடுத்த வாக்கை ஒவ்வொரு வளைவிலும் அட்சரசுத்தமாகக் காப்பாற்றிக்கொண்டே போயிருக்கிறான்.

“அண்ணா!” என்று கத்தினாள். “நல்லா சாஞ்சு ஓட்டுண்ணா! பயப்படாம சாய்!”

மரங்களுக்குக் கீழே பிரேக் கிறீச்சிட்டது. அது பாதியில் அறுந்தது. கிளைகள் முறியும் சத்தம் வந்தது. பிறகு எதுவும் இல்லை.

மூன்றாவது திருப்பத்தில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். அங்கே தடம் உள்ளங்கையால் வழித்தது போலப் பளபளவென்று வழவழத்து, பாதையின் விளிம்புவரை போயிருந்தது. விளிம்பில், கடைசி ஒரு சாண் மண்ணில், ஓரப்பட்டன்கள் ஆழமாகக் கடித்திருந்தன. கடைசியில் சாய்த்திருக்கிறான். அதற்கு அப்பால் மண் இல்லை. புதர்தான், புதருக்கு அப்பால் சரிவு.

கீழே இலைகளுக்குள்ளிருந்து டிக்டிக்டிக் என்று சத்தம் வந்தது. அவள் டயர் மாட்டிய சக்கரம் எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“அண்ணா... ஏதாவது பேசுண்ணா.”

டிக்டிக் சத்தத்தின் வேகம் குறைய ஆரம்பித்தது. தனியாக விட்ட சக்கரம் எப்படி ஓயும் என்று அவளுக்குத் தெரியும். இடைவெளி நீண்டு நீண்டு, கடைசியில் ஒரு டிக், வெகுநேரம் கழித்து இன்னொன்று. அந்தக் கடைசி டிக்கைக் கேட்கக்கூடாது என்று காதைப் பொத்தப்போனாள்.

அதற்குள் சத்தம் பட்டென்று நின்றுவிட்டது.

தானாக ஓயும் சக்கரம் அப்படி நிற்காது. அதை ஏதோ பிடித்து நிறுத்தியிருக்கிறது. முறிந்த கிளையா, கையா? அவள் குப்புறப் படுத்து, விளிம்பிலிருந்து காலைக் கீழே விட்டு, இருட்டான இலைகளுக்குள் பிடிமானம் தேடினாள்.