கேர் ஆஃப் உஸ்மான் மண்டி

'கோப்பின் அளவு அதிகம்' என்று மூன்றாவது தடவையும் சிவப்பு எழுத்தில் வந்தது. தசரதன் போனைக் கட்டிலில் எறிந்தான். எறிந்த கையாலேயே எடுத்து, திரை உடையவில்லையே என்று திருப்பிப் பார்த்துக்கொண்டான். இன்றைக்கு இந்தப் போனும் போய்விட்டால் எல்லாம் போச்சு.

ஊருக்குப் போக இ-பாஸ் கேட்கும் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டியது ஒரே ஒரு படம். ஜவ்வாது மலைமேலிருந்து தங்கை நதியா அனுப்பியது. கிராம நிர்வாக அலுவலர் கைப்பட எழுதி முத்திரை வைத்த கடிதத்தை, காற்றில் பறக்காதபடி நான்கு மூலையிலும் கூழாங்கல் வைத்துப் பாறைமேல் பரப்பிப் படம் எடுத்திருந்தாள். ரங்கன், வயது எழுபத்தொன்று, நேற்று மாலை தன் வீட்டில் முதுமை காரணமாக இறந்துவிட்டார் என்று அதில் இருந்தது. போன மாசி வரைக்கும் புளியமரத்தில் ஏறிக் கிளை உலுக்கிய மனிதர். முதுமை என்று எழுதினதைப் படித்துக் காட்டியிருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்.

மாடிப்படியின் அடியிலிருந்து உஸ்மான் பாய் குரல் கொடுத்தார். மேலே ஏறக்கூடாது என்பது சுகாதார ஆய்வாளர் உத்தரவு. மூன்று நாளாக இருவரும் பதினெட்டுப் படி தூரத்தில் நின்றுதான் பேசிக்கொள்கிறார்கள்.

"இன்னா தசரதா, போச்சா?"

"இல்ல பாய். சைஸ் பெருசா கீதாம்."

"ஒரு மனுசன் செத்துப் போனதுக்கு எழுதுன காயிதம். பெருசாத்தான் இருக்கும். அத போயி குத்தம் சொல்றான் பாரு."

பாயின் மனைவி பர்வீன் அடுப்படியிலிருந்தே கத்தினாள். "போட்டோவ தொறந்து வெச்சி ஸ்கிரீன்ஷாட் எடு தம்பி, சின்னதாய்டும். ரேஷன் கார்டுக்கு நான் அப்டிதான் போட்டேன்."

எடுத்தான். போயிற்று. அடுத்த பக்கம் திறந்தது. இறந்தவர் பெயர் என்ற கட்டத்தில் ரங்கன் என்று நிரப்பினான். அடுத்த கட்டம், விண்ணப்பதாரரின் தகப்பனார் பெயர். குவைத்திலிருந்து கிளம்ப முயன்ற இந்த நாற்பது நாளில் அந்தக் கட்டத்தை ஒன்பது தடவை நிரப்பியிருக்கிறான். தூதரகப் பதிவுக்கு ஒன்று, ரத்தான விமானங்கள் இரண்டுக்கும் தனித்தனி, கிடைத்த விமானத்துக்கு ஒன்று, மூக்கில் குச்சி விட்டபோதெல்லாம் ஒன்று, சென்னையில் இறங்கியதும் ஏழு நாள் அடைத்து வைத்த கல்லூரி விடுதியில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எழுதுவான். இரண்டு கட்டத்திலும் ஒரே பெயர் வந்தது இதுதான் முதல் தடவை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள், நேரம் கடந்துவிட்டது, மீண்டும் முயலவும் என்றது திரை.

மறுபடியும் முதலிலிருந்து எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பியபோது மணி பன்னிரண்டு. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று வந்தது.

தப்பு அவனுடையதுதான். மலை ஊருக்குத் தபால்காரர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வருவார், மழை பிடித்தால் அதுவும் இல்லை. அதனால் வெளிநாடு போகிற மலையாட்கள் எல்லோருக்கும் பாஸ்போர்ட்டில் ஒரே விலாசம்: கேர் ஆஃப் உஸ்மான் புளி மண்டி, போளூர். புளி போடுகிற இடம், கடிதம் வந்தால் பாய் எடுத்து வைப்பார், சந்தைக்கு இறங்குகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். பதினோரு வருடத்துக்கு முன் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "ஆமாங்க, பையன் இங்கதான் மாடில தங்கிகிறான்" என்று பாய் கூசாமல் கையெழுத்துப் போட்டார். அந்தப் பொய்யை அரசாங்கம் இப்போது உண்மையாக்கிவிட்டது. வீட்டுத் தனிமைக்கு விலாசம் கேட்டபோது தசரதன் வழக்கம்போல மண்டி விலாசத்தை எழுதினான். அரசு பஸ் அவனைக் கொண்டுவந்து மண்டி வாசலில் இறக்கியது. கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏழு நாளைக்கு யாரும் உள்ளே வரக்கூடாது, வெளியே போகவும் கூடாது.

பாய் அதற்கும் கோபப்படவில்லை. "மண்டிக்கு ஒரு போர்டு வெக்கணும்னு முப்பது வருசமா நெனச்சினு இருந்தேன். கவர்மெண்டே வெச்சிட்டாங்க," என்றார். மண்டி பூட்டிக் கிடந்தது.

அன்றைக்கே நதியாவிடம் சொல்லி அப்பாவுக்குத் தகவல் போயிற்று. அவர் கால் வீங்கி, டவர் கிடைக்கிற பாறைவரை ஏறமுடியாமல் மூன்று மாதமாகப் படுக்கையில் இருந்தார். "போளூர் வந்துட்டான்னா வூட்டுக்கு வந்த மாதிரிதான்" என்றாராம். வாசல் பக்கம் தலைவைத்துப் படுத்துக்கொண்டாராம். மூன்றாம் நாள் சாயங்காலம் போய்விட்டார். பஸ் ஓடுகிற காலமாக இருந்தால் இரண்டு மணி நேரப் பயணம்.

காலையில் ஆய்வாளரிடம் பேசியிருந்தான். "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லன்னு வந்திருக்கு சார். மூஞ்ச மட்டும் பாத்துட்டு வந்துடறேன்."

"எனக்குப் புரியுது தம்பி. என் லிஸ்ட்ல இருநூத்தி பதினாலு வூடு கீது," என்றார் அவர். அவர் குரலும் தூங்கி நான்கு நாள் ஆனவர் குரல்தான். "சாவுக்குன்னு பாஸ் போடு. அப்ரூவ் ஆச்சுன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஒரு மணிக்கு நதியா பாறையிலிருந்து கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தது.

"பெரியவங்க கேக்கச் சொன்னாங்க ண்ணா. ஐஸ் பொட்டி மலைக்கு வராது. நேத்து சாயங்காலத்துல இருந்து வெச்சினு கீறோம்."

என்ன கேட்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். குழியில் முதல் மண் மூத்த மகன் போடவேண்டும். அவன் இல்லையென்றால் பங்காளி போடலாம், ஆனால் மகன் தன் வாயால் சொல்லவேண்டும். அடக்கம் முடிந்த சேதி கேட்டதும், எந்தச் சீமையில் இருந்தாலும் அவன் தலை முழுகவேண்டும். முழுகிவிட்டால் அவ்வளவுதான், அதற்குமேல் அவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

"நாலு மணி வரைக்கும் பாருங்க. பாஸ் வந்தா பாய் வண்டில வந்துடுவேன். வர்லன்னா..." போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டான். "வர்லன்னா சித்தப்பா மவன் போடட்டும்."

பாயின் சின்ன லோடு வண்டி காலையிலிருந்தே தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது. டீசல் இருக்கிறதா என்று பாய் இரண்டு தடவை பார்த்துவிட்டார். பர்வீன் தட்டில் சோறு போட்டுப் பதினெட்டாம் படியில் வைத்துவிட்டு இறங்கினாள். துக்கத்துக்கு ஆகாது என்று குழம்பில் மீன் போடாமல் கத்தரிக்காய் போட்டிருந்தாள். அதையும் அவனால் தொடமுடியவில்லை.

இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் பரிசீலனையில் என்றே இருந்தது. உதவி எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் கை கழுவச் சொன்னது. நாலு மணி அடித்தது. அவன் மாடியில் மேற்கே திரும்பி நின்றான். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளுக்கு அப்பால் மலை நீலமாகக் கிடந்தது. இந்த நேரத்துக்கு எடுத்திருப்பார்கள் என்று நினைத்தான். சேதி வந்தால் குளிக்க வேண்டுமே என்று துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சேதி வரவில்லை. நாலரை, ஐந்து என்று போனது. ஐந்தே கால் ஆனதும் போன் அடித்தது.

"முடிஞ்சுதா?" என்றான்.

"இல்ல ண்ணா. குழி இன்னும் ஆவல. பாறை வந்துடுச்சாம்."

"எங்க வெட்றாங்க?"

"நம்ம கொல்லி நெலத்தாண்ட. புளியந்தோப்புக்குக் கீழ."

"அங்க ஏது பாறை?"

அந்த மண்ணை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவனும் நதியாவும் கிழங்கு தோண்டிய இடம். முழங்கை இறங்கும், நகத்தில் ஒரு கல் தட்டுப்படாது. பாறைமேல் அடிக்கிற காற்று மட்டும் போனில் கேட்டது.

"ரெண்டு வாட்டி எடத்த மாத்திட்டாங்க," என்றாள் கடைசியில். "அரை அடி வெட்றாங்க, குந்திக்கிறாங்க, பீடி பத்த வெக்கிறாங்க. மறுபடி அரை அடி. நாட்டாமதான் சொல்லிருப்பாரு போல. உன் வண்டி சத்தம் கேக்குதான்னு வளைவாண்ட ஒரு ஆள நிக்க வெச்சிகிறாங்க ண்ணா."

பதினோரு வருடத்தில் நான்கு தடவைதான் தசரதன் ஊருக்குப் போயிருக்கிறான். அவனுக்காக ஊர்க்காரர்கள் வெயிலில் நின்று இல்லாத பாறையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அம்மா?"

"நைனா பக்கத்துலயே குந்தினு கீது. நேத்துல இருந்து பச்சத்தண்ணி இல்ல. எடுத்தப்பறம்தான் குடிப்பேன்னுது. வாயெல்லாம் காஞ்சி, பேச்சே வர்ல. நான் இன்னா பண்ணட்டும் ண்ணா?"

காதில் வைத்திருந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம், விண்ணப்பதாரர் வீட்டுத் தனிமைப் பட்டியலில் உள்ளார்.

கீழே பாய் அவன் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். வண்டிச் சாவியை உயர்த்திக் காட்டினார். "பாஸு கெடக்குது, எறங்கி வா. நான் ஓட்றேன். புடிச்சா புடிக்கட்டும், இந்த வயசுல என்ன ஜெயில்ல வெச்சி இன்னா பண்ணப் போறாங்க?"

அவர் சொன்னால் செய்வார். அடிவாரச் செக்போஸ்டில் பிடிக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், போய்ச்சேர ஏழு மணி தாண்டும். இருட்டினால் ஊரில் குழிக்கு எடுக்க மாட்டார்கள். இன்னொரு ராத்திரி. அம்மா இன்னொரு ராத்திரி தண்ணீர் இல்லாமல். பிடித்துவிட்டால் அதுவும் இல்லை, வளைவில் நிற்கிற ஆள் நின்றுகொண்டேதான் இருப்பான்.

தசரதன் பாயைப் பார்த்து வேண்டாம் என்று கையசைத்தான். போனைக் காதில் வைத்தான்.

"நதியா. நான் தல முழுகிட்டேன்னு போய்ச் சொல்லு."

"எப்போ?"

"நாலு மணிக்கே. நீங்க எடுத்திருப்பீங்கன்னு நெனச்சிட்டேன்."

சிறுவயதில் அவன் சொன்ன பொய் ஒன்றைக்கூட அவள் நம்பியதில்லை.

"சரி ண்ணா," என்றாள். "சொல்லிட்றேன்."

"அம்மாக்கு மொதல்ல தண்ணி குடு."

"ம்."

அவள் வைத்துவிட்டாள். தசரதன் உலர்ந்த துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, மாடி மூலையிலிருந்த குழாயடியில் சட்டையோடு போய் உட்கார்ந்து திருகினான். பகலெல்லாம் வெயிலில் கிடந்த தொட்டித் தண்ணீர் தலையில் கொதிக்கக் கொதிக்க விழுந்தது. அவன் நகரவில்லை. கீழே பாய் வண்டியைப் பின்னுக்கு எடுத்து உள்ளே விடுகிற சத்தம் கேட்டது. கேட்டை இழுத்துச் சாத்தினார். பிறகு மோட்டாரைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் கிணற்றுத் தண்ணீர் ஏறி, குழாயில் சில்லென்று வர ஆரம்பித்தது.